மழையில் காயப்போட்ட சட்டைகள்

பையை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பது ஒரு தொழில் என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தால், அது உங்கள் நல்ல காலம், கண்ணுகளா. உங்கள் வீட்டு ஆள் யாரும் இன்னும் பெரிய சுவருக்குப் பின்னால் போகவில்லை என்று அர்த்தம். போயிருந்தால் டோக்கனக்காவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவளைவிட அவள் வாயை நன்றாகவே தெரிந்திருக்கும்.

சிறைச்சாலை வாசலுக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் அவள் கடை. மேலே தகரம், முன்னால் ஒரு பலகை, பின்னால் சுவர் முழுக்க மரப்பொந்துகள். உள்ளே இருக்கிறவனைப் பார்க்க வேண்டுமென்றால் வாசலில் மனு எழுதிப் போட வேண்டும். அதனால் பார்க்க விடுகிற நாளுக்கு அந்தத் தெருவில் மனுநாள் என்றே பேர். மனுவுக்குப் போகிறவர்கள் பை கொண்டுபோகக் கூடாது, போன் கூடாது, சாவிக்கொத்துகூடக் கூடாது. அதையெல்லாம் டோக்கனக்கா வாங்கிப் பொந்தில் போட்டுவிட்டு, எண் அடித்த தகர வில்லை ஒன்றைக் கையில் வைப்பாள். மனு நேரத்தில் அந்தப் பொந்துகளில் கிடந்து போன்கள் அலறும். யாருக்கோ யாரோ கூப்பிடுவார்கள். அவள் எதையும் தொட மாட்டாள். தேனீக்கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

இன்னொன்றும் உண்டு. காக்கி நிறத்தில் உடுத்தி வந்தால் உள்ளே விட மாட்டார்கள், தொப்பி தைத்த சட்டைக்கு அனுமதி இல்லை, இரும்புப் பொத்தான் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தூரத்திலிருந்து வண்டி மாறி வண்டி மாறி வந்த மனிதன், சட்டைக்காகத் திரும்பிப் போவானா? டோக்கனக்காவிடம் வெளுத்த சட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டு வந்து கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். திரும்பி வரும்போது ஒவ்வொன்றும் வேர்வையில் ஊறி, மடித்த கையெல்லாம் கண் துடைத்த ஈரத்தோடு வரும். அவள் அதை இரண்டு விரலால் பிடித்து வாளியில் போடுவாள்.

"பார்க்க வந்தது பெத்த புள்ளையையா, என் கடைச் சட்டையில மூக்கு சிந்தவா?"

சாயங்காலம் அத்தனையையும் துவைத்து, கடைக்கு முன்னால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய கொடியில் காயப்போடுவாள். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் முழுக்கை, அப்புறம் அரைக்கை, கடைசியில் பெண்களுடையது. எல்லாமே தலைகீழாக, கீழ் ஓரத்தில் கிளிப் போட்டுத்தான். அவள் மகன் சின்ன வயதில் அந்தப் பலகைக்கடியில் உட்கார்ந்து பாடம் எழுதுவான், எழுதி முடித்தால் கொடிக்கு வர வேண்டும். அவசரத்தில் தோளில் கிளிப்பை மாட்டினால் போதும், முதுகில் ஒன்று விழும்.

"கழுத்தைப் பிடிச்சா தொங்க விடறே? அது என்ன திருடிச்சா? காஞ்சதும் தோள்ல கொம்பு முளைச்ச மாதிரி நிக்கும்டா!"

அந்தப் பிள்ளை வேறு எதைக் கற்றானோ, அம்மா வருகிற போகிறவர்களைத் தரம் பிரிப்பதை மட்டும் நன்றாகக் கேட்டு வளர்ந்தான்.

"முதல் மாசம் கல்யாணத்துக்கு வர்ற மாதிரி வண்டி வெச்சுக்கிட்டு வருவாங்க. மூணாம் மாசம் பெத்தவளும் கட்டினவளும். வருஷம் திரும்பினா பெத்தவ மட்டும். அவளும் பாசத்துல வர்றாளா? வீட்ல மருமக முகத்தைப் பார்க்கச் சகிக்காம வர்றா" என்பாள். பக்கத்தில் பழச்சாறு விற்கிற ஜூஸ்காரர் சிரிப்பார். அவருக்குச் சிரிப்பதற்குக் காரணம் வேண்டாம், அடுத்தவன் வீட்டில் புகைந்தால் போதும். "நானா இருந்தா?" என்று அக்கா தொடருவாள். "நானா இருந்தா அந்த வாசலை மிதிப்பேனா? தலை முழுகிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். கம்பியைப் பிடிச்சிக்கிட்டு, மூக்கை ஒழுக விட்டுக்கிட்டு... தூ! வளர்க்கத் தெரியாதவ எதுக்குப் பெத்துக்கணும்?"

அவள் அதிகமாக ஏளனம் செய்தது ஒரு பெண்ணைத்தான். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். புருஷன் நீண்ட தண்டனையில் இருந்தான். மனு முடிந்து வந்து பையை வாங்கியதும் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அவள் மட்டும் விளக்குக் கம்பத்தடியில் நின்று, சுவருக்கு மேலே தெரிகிற மாடி ஜன்னல்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருப்பாள். ஜன்னல்கள் என்றால் என்ன, தீப்பெட்டி அகலத்துக்கு வரிசையாக ஓட்டைகள். அதில் எது யாருடையது என்று கடவுளுக்கே தெரியாது. தெருவே அவளுக்குக் கையாட்டி என்று பேர் வைத்துவிட்டது. வைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"சுவருக்கு டாட்டா காட்டிட்டியா? சுவர் என்ன சொல்லுச்சு?" என்று அக்கா கேட்பாள்.

கையாட்டி பதில் பேச மாட்டாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வெந்துபோன விரலால் தகர வில்லையைப் பலகையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

டோக்கனக்காவின் புருஷன் பெயிண்டர். உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டித் தொங்கிக்கொண்டு அடிக்கிறவர். பெரிய சுவருக்கும் அதற்குள்ளிருக்கும் மாடிக் கட்டடத்துக்கும் பலமுறை அவர்தான் வெளிப்பூச்சு அடித்திருக்கிறார். நெஞ்சில் வண்ணத்தூள் ஏறி இருமல் நிற்காமல் போனபின், கடை ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பேசுவது குறைவு. அந்த வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் ஒருத்தியே பேசி முடித்துவிடுவாள், மிச்சம் வைத்தால்தானே?

மகன் போன் பழுது பார்க்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்து நன்றாகத்தான் இருந்தான். ஒரு நாள் தெரிந்தது, அந்தக் கடையில் பழுது பார்த்ததைவிடத் திருட்டுப் போன்களைப் பிரித்து உருமாற்றி விற்றதுதான் அதிகம் என்று. முதலாளி தலைமறைவு. அகப்பட்டது இவன். முதலாளி சொன்னதைத்தான் செய்தேன் என்றானாம். திருட்டுப் போன் என்று தெரிந்தே செய்தான், அதையும் மறைக்கவில்லை.

அவனை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி டோக்கனக்கா கடையைச் சுற்றித்தான் வாசலுக்குள் திரும்ப வேண்டும். மனுநாள் வேறு, பலகை முன்னால் கூட்டம். வண்டியின் கம்பி வலைக்குள் மகன் முகம் தெரிந்தது. அவன் பார்த்தான். அவள் கையிலிருந்த பையைக் குனிந்து பார்த்து, அதன் ஜிப் மூடியிருக்கிறதா என்று இழுத்துச் சரிபார்த்தாள். நிமிர்ந்தபோது கதவு சாத்தியாகிவிட்டது.

"அந்த வண்டிக்கு வேற வழியே இல்லியா?" என்று பெயிண்டரைக் கேட்டாள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

தெரு சும்மா இருக்குமா? வருஷக்கணக்காக வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் ஒவ்வொருத்தரும் திருப்பித் தர ஆரம்பித்தார்கள்.

"அம்மா போனை வாங்கி வெப்பா, புள்ள அதைப் பிரிச்சு விப்பானாம். நல்ல ஏற்பாடு. குடும்பத் தொழில்னா இப்படி இருக்கணும்" என்றார் ஜூஸ்காரர், வந்தவர்கள் காதில் விழும்படி. அடுத்த வாரமே தன் கடையில் நாலு பலகை அடித்து, 'இங்கே பைகள் பத்திரமாக வைக்கப்படும்' என்று எழுதி வைத்தார். 'பத்திரமாக' என்கிற எழுத்து மட்டும் பெரிசு. எழுந்திருக்கிறவன் காலை வாரத் தெரியாது அந்த மனிதருக்கு. விழுந்தவன் மேல் ஏறி நின்று உயரம் காட்டத்தான் தெரியும்.

முதல் மனுவுக்குப் பெயிண்டர் போனார். இருமிக்கொண்டே வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படி இருக்கான்?" என்று அவள் கேட்கவில்லை. "என்னத்தைக் கிழிச்சான் உள்ள?" என்று கேட்டாள்.

"இளைச்சிருக்கான்."

"தின்னு கொழுக்க அது என்ன மாமியார் வீடா?"

"நீ வரக் கூடாதுன்னு சொல்றான்."

"என்னது?"

"அம்மா வேணாம். நீ மட்டும் வான்னான்."

அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "வரக் கூடாதுன்னு சொல்ல அவன் யாரு? நான் போறதாச் சொன்னேனா? அங்க போய் நிக்க எனக்கென்ன தலையெழுத்தா? வரக் கூடாதாம்ல! இப்போ போறேன்யா. போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

அடுத்த மனுநாள் கடையைப் பெயிண்டரிடம் விட்டுவிட்டுச் சாலையைத் தாண்டினாள். அத்தனை வருஷத்தில் அந்தச் சாலையை அவள் அந்தக் காரியத்துக்காகத் தாண்டியதே இல்லை. வரிசையில் முன்னாலும் பின்னாலும் அவளிடம் பேச்சு வாங்கியவர்கள். ஒருத்தி இன்னொருத்தியின் இடுப்பில் இடித்தாள். வார்டர் மனுவைப் பார்த்து, "பெத்தவ யாரும்மா?" என்று சத்தமாகக் கேட்டார். தெரிந்த முகம்தான், தினமும் அவள் கடையில் வெற்றிலை எச்சில் துப்பிவிட்டுப் போகிற முகம். தெரிந்துதான் கேட்டார்.

"நான்தான்" என்றாள்.

"கேக்கலை."

"நான்தான்யா பெத்தேன். காது அவிஞ்சு போச்சா?"

உள்ளே போன வார்டர் திரும்பி வந்தார். "வர மாட்டானாம்மா."

"என்ன?"

"பார்க்க வர மாட்டேங்கறான். நான் என்ன, கழுத்தைப் பிடிச்சா தள்ளிட்டு வர முடியும்? தள்ளி நில்லு, அடுத்த ஆள்!"

திரும்பி வந்து பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஜூஸ்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அதுக்குள்ள பார்த்தாச்சாக்கா? நல்லா இருக்கானா தம்பி?"

"உன் கடைப் பழம் மாதிரி இருக்கான். வெளிய பளபள, உள்ள அழுகல்."

வாயை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள். ஆனால் அதற்கடுத்த மனுநாளும் போனாள். அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் வார்டர் உள்ளே போவதும், வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவதும்தான் நடந்தது. அவித்த முட்டையும் ரொட்டியும் கொடுத்து அனுப்பிப் பார்த்தாள், பொட்டலம் பிரிக்காமல் திரும்பி வந்தது. பிறகு அவன் அப்பாவைப் பார்க்கவும் வருவதை நிறுத்திவிட்டான்.

"செத்தானா இருக்கானான்னாவது சொல்லித் தொலைய மாட்டானா?" என்று திரும்பி வந்த ரொட்டியை நாய்க்குப் போட்டாள். நாய் முகர்ந்துவிட்டுப் போனது. "நாய்க்குக்கூட அந்த வீட்டுக்குள்ள போன ரொட்டி வேணாம்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதைத் தூசி தட்டி எடுத்துத் தானே தின்றாள். பெயிண்டர் பார்க்காத மாதிரி இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மழை பிடித்தது. நச நசவென்று விடாத மழை. தகரத்தில் இரைச்சல், சாலையில் சேறு, தெரு முழுக்க ஈரச் சாக்கு நாற்றம். சட்டைகளை வெளியே போட முடியாமல் கடைக்குள்ளேயே பொந்துகளுக்கு முன்னால் குறுக்குக் கயிறு கட்டி, மின்விசிறியைத் திருப்பி விட்டு, பாதி காய்ந்ததை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒப்பேற்றினாள். வெளிக்கொடி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

மழை விடாத ஒரு மனுநாள். வார்டர் வழக்கம்போல் உதட்டைப் பிதுக்கி அனுப்பியிருந்தார். கையாட்டி மனு முடிந்து நனைந்துகொண்டே வந்தாள். வில்லையைப் பலகையில் வைத்தாள். பையைக் கொடுத்த பிறகும் நின்றாள்.

"என்ன? இன்னிக்கு மழையில சுவருக்கு டாட்டா கிடையாதா?" என்றாள் அக்கா.

"உன் புள்ள மூணு நாளா சாப்பாட்டைத் தொடலையாம்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உனக்கு யாரு சொன்னா?"

"எங்காளு. அதே மாடிதான், பக்கத்து அறை. உன் புள்ள வந்த நாள்லேர்ந்து சாயங்காலமானா ஜன்னல்ல தொத்திக்கிட்டு நிப்பானாம். உன் கொடியைப் பார்ப்பானாம். 'அதோ, முழுக்கை முடிஞ்சுது, இனி அரைக்கை வரும்'னு சொல்லுவானாம். நீ கடைசிச் சட்டையைப் போட்டுட்டு உள்ள போனதும்தான் இறங்கி வந்து தட்டுல கை வெப்பானாம்."

அக்கா வெளியே வெறுங்கொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்போ கொடி வெறுமையா கிடக்குல்ல. அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, என்னால படுத்துட்டாளோன்னு பெனாத்தறானாம். மழைடா, மழைன்னு எங்காளு சொன்னாலும் காதுல வாங்க மாட்டேங்கறானாம்."

"அப்படி உருகறவன் நான் போனா எதுக்கு வர மாட்டேங்கறான்?"

கையாட்டி முந்தானையைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே சொன்னாள்: "அதையும் எங்காளு கேட்டாராம். 'எங்கம்மா கம்பியைப் பிடிச்சிக்கிட்டு அழறதை நான் பார்க்க மாட்டேன். அப்படி நிக்கிறவங்களை அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். அந்த வரிசையில அவளை நான் நிக்க வெக்க மாட்டேன்'னானாம்." முந்தானையை உதறினாள். "நல்லாத்தான் வளர்த்திருக்கேக்கா. நீ எங்களைத் துப்பினதெல்லாம் ஒண்ணுவிடாம மனப்பாடமா வெச்சிருக்கான்."

சொல்லிவிட்டு மழையில் இறங்கி, விளக்குக் கம்பத்தடிக்குப் போய், கையைத் தூக்கி ஆட்ட ஆரம்பித்தாள்.

அக்கா தேய்த்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"யோவ். மாடி ஜன்னல்லேர்ந்து நம்ம கொடி தெரியுமா?"

"தெரியும்" என்றார் பெயிண்டர்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அந்த ஜன்னல் விளிம்புக்கெல்லாம் நான்தானே அடிச்சேன்? சாரத்துல தொங்கிக்கிட்டுத் திரும்பினா நீ தெரிவே. தலையில பேன் நகர்ற மாதிரி நகர்ந்துக்கிட்டு சட்டை போட்டுக்கிட்டிருப்பே."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லியே?"

"நீ மூச்சு விட்டாத்தானே நான் சொல்றதுக்கு?" என்று சொல்லிவிட்டு இருமினார். "அங்கேர்ந்து பார்த்தா நீ திட்டறது கேக்காது. அதனால நல்லா இருக்கும்."

வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு அவர் ஒரு வாரம் சோறில்லாமல் கிடந்திருப்பார். அவள் எழுந்தாள். உலர்ந்து, தேய்த்து, அடுக்கி வைத்திருந்த சட்டைகளை அப்படியே வாரி வாளியில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள்.

தெருவே பார்த்தது. சாறு குடிக்க ஒதுங்கி நின்றவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், குடைக்கு அடியில் வார்டர். டோக்கனக்கா கொட்டுகிற மழையில், காய்ந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். காற்று துணியைப் பிடுங்கியது. கைக்குக் கிடைத்த இடத்தில் கிளிப்பை மாட்டினாள்.

"அக்கா! மழையில துணி காயுமாக்கா?" என்று ஜூஸ்காரர் கத்தினார். கூட நாலு பேர் சிரித்தார்கள்.

"காயறதுக்கா போடறேன்?"

"பின்ன?"

"உன் மூஞ்சி இந்தப் பக்கம் தெரியாம இருக்கப் போடறேன். பார்க்கிறவனுக்குச் சோறு இறங்க வேணாமா?"

கடைசிச் சட்டையும் ஏறியது. அவள் மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையாட்ட அவளென்ன பைத்தியமா? வெற்று வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, தலையைத் துவட்டாமல் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சட்டையும் தண்ணீர் குடித்துக் கனத்துத் தொங்கியது.

அன்றிலிருந்து தினமும் அதுதான் வேலை. மழையோ தூறலோ, சாயங்காலம் சட்டைகள் கொடிக்கு ஏறும். அப்புறம் இறக்கிப் பிழிந்து, முதலிலிருந்து மின்விசிறி, இஸ்திரி. வாடகைக்குக் கேட்டவர்களுக்கு ஈரச் சட்டைதான் கிடைத்தது. "பரவாயில்லை, மாட்டிக்க. உள்ள போய் அழப்போறேதானே, எப்படியும் நனையும்" என்று கொடுத்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெரு தீர்மானம் செய்தது. அது அப்படித்தான். அடுத்தவரைப் பற்றித் தீர்மானம் செய்ய மட்டும் அந்தத் தெருவுக்குத் தாமதமே ஆகாது.

அடுத்த மனுநாள் அவள் வரிசைக்குப் போகவில்லை. பலகைக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையாட்டி சாலையைத் தாண்டுவதற்குள் அவளுடைய பையை எடுத்துத் தயாராகப் பலகைமேல் வைத்துவிட்டாள். இதுவரை யாருக்கும் செய்யாத மரியாதை.

கையாட்டி அவசரப்படவில்லை. மூக்கைத் துடைத்தாள். வில்லையைத் தேடி எடுத்தாள். அவளுக்கும் ஒரு நாள் வராதா?

"அட, சொல்லித் தொலையேண்டி" என்றாள் அக்கா.

"சாப்பிடறானாம்."

அக்கா தலையை ஆட்டினாள். பெயிண்டர் முக்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"முதல் நாள் நீ மழையில போட்டதைப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சானாம். 'எங்கம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு'ன்னு அறைக்கு அறை கூப்பிட்டுக் காட்டினானாம். அந்த வரிசையே எட்டிப் பார்த்துச்சாம். சிரிச்சிட்டு உட்கார்ந்து முழுச் சோத்தையும் தின்னானாம். தின்னுட்டு உனக்கு ஒண்ணு சொல்லி அனுப்பினான்."

"என்ன?"

"சட்டை எல்லாத்தையும் கழுத்தைப் பிடிச்சுத் தொங்க விட்டிருக்கியாம். தோள்ல கொம்பு முளைக்குமாம். 'அது என்ன திருடிச்சா'ன்னு உன்னைக் கேக்கச் சொன்னான்."

டோக்கனக்கா வாயைத் திறந்தாள். அவ்வளவு பெரிய வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பொந்துகளில் இரண்டு மூன்று போன்கள் ஒன்றாக அலறி ஓய்ந்தன.

"இன்னொண்ணும் கேட்டான்" என்றாள் கையாட்டி. "நீ வந்தா அழுவியா, திட்டுவியான்னு கேட்டான்."

"அழறதா? அந்தத் திருட்டு நாய்க்கா? போய் நின்னதும் முதல் கேள்வியே செருப்பால அடிச்ச மாதிரி கேப்பேன். அந்த முதலாளி நாயைச் சொல்லணும், இவன் புத்தியைச் சொல்லணும், சோறு தின்னாம கிடந்ததுக்குத் தனியா சொல்லணும். வார்டர் நேரம் முடிஞ்சுதுன்னு சொன்னாலும் நான் நிறுத்த மாட்டேன்."

"எங்காளும் அப்படித்தான் சொன்னாராம். நிச்சயமா திட்டுவாங்கன்னு."

"அதுக்கு?"

"அப்படின்னா வர்றேன்னு சொல்லிட்டான். அடுத்த மனுவுக்கு."

சொல்லிவிட்டுக் கையாட்டி தன் பையை எடுத்துக்கொண்டு விளக்குக் கம்பத்தடிக்குப் போனாள். அக்கா அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு குடையை எடுத்துக்கொண்டு போய், "இந்தா, பிடி. இதோட ஆட்டு. நனைஞ்சு காய்ச்சல் வந்து படுத்தா சேதி சொல்ல யாரு வருவா?" என்று அவள் கையில் திணித்துவிட்டு, திரும்பும் வழியில் கொடியருகே நின்றாள்.

தூறிக்கொண்டுதான் இருந்தது. வாடகைக்குப் போகாத சட்டைகளை அன்று மனு முடியுமுன்பே ஏற்றியிருந்தாள். முதல் சட்டையின் தோளிலிருந்து கிளிப்பைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, கீழ் ஓரத்தில் மாட்டினாள்.

"எனக்குச் சொல்லித் தர்றானாம்" என்று ஜூஸ்காரருக்குக் கேட்கும்படி சொன்னாள். "எனக்கு!"

அடுத்த சட்டைக்கு நகர்ந்தாள்.